குடலின் காவலர்களுக்குப் பொறுமையைக் கற்பிப்பவள்



பல்லேகமயிலிருந்து ஒரு சகோதரி மூன்று பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போனபோது, புதிய லக்கல நகருக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அவருடையது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆனால் அவருடைய கேள்வி நம்மில் பலருடைய கேள்வி. அதனால் இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

மூத்த மகளுக்கு இப்போது 3 வயது. பிள்ளைக்கு ஒரு வயதாகும் முன்பே நான்கு தடவை வயிற்றோட்டம் வந்ததாம். ஒவ்வொரு தடவையும் போத்தலில் மிஞ்சியிருந்த நுண்ணுயிர்கொல்லிப் பாணியைக் கொடுத்திருக்கிறார். முட்டை, மீன், கச்சான் எதுவும் பிள்ளையின் வயிற்றுக்கு ஒத்துவராது என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார். இரண்டு வயதில் முதன்முதலாக முட்டை கொடுத்தபோது உடம்பெல்லாம் தடிப்பு. கிளினிக் அட்டையில் பிள்ளையின் நிறைக்கோடு மேலே ஏறவேயில்லை. “எதிர்ப்புச் சக்தி கூடும் என்று சொன்ன டொனிக் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது எனக்கு எட்டாம் மாதம். இந்தப் பிள்ளைக்காவது எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட ஒரு வழி சொல்லுங்கள். மூத்தவளுக்கு நான் என்ன தவறு செய்தேன்?” என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன், நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடங்களுக்கு முன், ஒவ்வாமை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முட்டையையும் கச்சானையும் எவ்வளவு பிந்திக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று தாய்மார் வகுப்புகளில் நானே சொல்லியிருக்கிறேன். அன்று பெரிய நாடுகளின் வைத்தியச் சங்கங்களும் அப்படித்தான் சொல்லின. அமெரிக்கக் குழந்தை நல வைத்தியர் சங்கம் 2000ஆம் ஆண்டில், ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளுக்கு 3 வயது வரை கச்சான் கொடுக்க வேண்டாம் என்றது. 2008இல் அந்த ஆலோசனையைக் கைவிட்டது. அந்த ஆலோசனை ஏன் பிழைத்தது என்பதை விளங்கிக்கொண்டால், உங்கள் கேள்விக்கான பதிலும் விளங்கிவிடும்.

கல்யாண வீட்டு வாசற்காவலர்

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் காவலுக்கு ஆட்கள் நிற்கிறார்கள். நூற்றுக்கணக்கான விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்களோடு ஒரு திருடனும் நுழையப் பார்க்கிறான். காவலர் தூங்கிவிட்டால் வீட்டில் களவு போகும். அதே காவலர் வருகிற எல்லாரையும் கம்பால் அடித்தால் என்ன ஆகும்? திருடன் வரமாட்டான்தான். ஆனால் கல்யாணமும் நடக்காது, வீடும் வீடாக இருக்காது.

நம் குடல் இப்படிப்பட்ட வீடுதான். சிறுகுடல் மட்டும் ஏறக்குறைய 6 மீற்றர் நீளம். சமிபாட்டுக் குழாயின் உட்புறத்தில் உள்ள மடிப்புகளையும் நுண்விரல்களையும் விரித்து அளந்தால் 30 சதுர மீற்றருக்குக் குறையாது. ஒரு பெரிய அறையின் தரையளவு. அவ்வளவு பரப்பையும் காக்கும் மதில் ஒரே ஒரு கல அடுக்குத்தான். அந்தக் கலங்களும் 3 முதல் 5 நாட்களுக்குள் உதிர்ந்து புதியவை பிறக்கின்றன. அந்த மெல்லிய மதிலுக்கு அப்பால் நாம் உண்ணும் சோறும் மீனும் பருப்பும் இருக்கின்றன. அவையெல்லாம் நம் உடலுக்கு அந்நியப் பொருட்களே. அவற்றோடு பற்றீரியாக்கள் என்னும் நுண்ணுயிர்கள். ஒரு வளர்ந்த மனிதருடைய உடலில் இவை 38 இலட்சம் கோடி அளவில் இருக்கலாம் என்று 2016இல் கணக்கிட்டார்கள். நம் சொந்த உடற்கலங்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அவ்வளவுதான்!

மதிலுக்கு இப்பால் நோய் எதிர்ப்புக் கலங்கள் அணிவகுத்து நிற்கின்றன. பாடப்புத்தகத்தில் நிர்ப்பீடனம் என்று படித்தோமே, அதன் படைவீரர்கள் இவர்கள். எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் கலங்களில் பெரும்பகுதி நம் குடலில்தான் குடியிருக்கிறது. அந்தப் புரதம் ஒவ்வொரு நாளும் சில கிராம் அளவில் குடலுக்குள் இறங்குகிறது. அது நுண்ணுயிர்களைக் கொன்று குவிப்பதில்லை. அவற்றைச் சுற்றிப் பிடித்து, மதிலோடு ஒட்டாமல் தள்ளி வைக்கிறது. சண்டையில்லாத காவல்!

இப்போது சிந்தித்துப் பாருங்கள். இந்தப் படை ஒவ்வொரு கவளச் சோற்றையும் எதிரி என்று நினைத்துப் பாய்ந்தால் நாம் உயிர் வாழ முடியுமா? அப்படிப் பாய்வதைத்தான் உணவு ஒவ்வாமை என்கிறோம். குடலின் சொந்தப் பற்றீரியாக்கள்மீதே ஓயாமல் பாய்ந்தால் குடல் வெந்து புண்ணாகும். குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் நாட்பட்ட குடல் அழற்சி நோய்களில் நடப்பது இதுவே. அவை நம் இலங்கையிலும் காணப்படுகின்றன. இங்கெல்லாம் குறைந்துபோனது படைபலம் அல்ல, படையின் ஒழுங்கு.

அமைதிப்படுத்தும் கலங்கள்

அப்படியானால் படையைக் கட்டுப்படுத்துவது யார்? 1995இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி இதற்கு விடை கண்டார். எதிர்ப்புக் கலங்களுக்குள் ஒரு சிறு கூட்டம் சண்டை பிடிப்பதில்லை. சண்டை பிடிக்கும் மற்றக் கலங்களை அடக்கி வைப்பதே அதன் வேலை. ஊரில் இரண்டு கூட்டம் மோதும்போது நடுவில் வந்து “போதும், விடுங்கள்” என்று சொல்லும் பெரியவரைப் போன்றவை இந்தக் கலங்கள். அப்போது பலர் இதை நம்பவில்லை.

2001இல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் பிரெட் ரம்ஸ்டெலும் ஒரு நோயாளி எலியினத்தை ஆராய்ந்தார்கள். அந்த இனத்தின் ஆண் குட்டிகள் தோல் செதிலாகிச் சில வாரங்களில் இறந்துவிடும். ஒரேயொரு பரம்பரை அலகு பழுதானதே காரணம் என்று கண்டார்கள். அதே அலகு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கும் ஓயாத வயிற்றோட்டம், சிரங்கு, பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு ஆகியவை வருகின்றன. மிக மிக அரிதான நோய் அது. இரண்டு வருடங்களின் பின், சகாகுச்சி சொன்ன அமைதிக் கலங்களை உருவாக்குவதே அந்தப் பரம்பரை அலகு என்பது உறுதியாயிற்று. அந்தப் பெரியவர்கள் இல்லாத உடலில் முதலில் எரிவது குடல்தான் என்பதைக் கவனியுங்கள். இந்த மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வைத்தியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அர்ரஹ்மான் அத்தியாயத்தில் மீஸான் என்னும் தராசைப் பற்றி ஓதுகிறோம். வானத்தில் மட்டுமல்ல, ஒரு பிள்ளையின் சின்ன வயிற்றுக்குள்ளும் வல்ல நாயன் அந்தத் தராசை வைத்திருக்கிறான். சுப்ஹானல்லாஹ்!

பாடம் படிக்கும் காலம்

இந்த அமைதிக் கலங்களில் ஒரு பகுதி பிறவியிலேயே வருகிறது. மற்றொரு பகுதி குடலிலேயே படித்து உருவாகிறது. குடலில் ஒற்றர் கலங்கள் உண்டு. உணவின் சிறு துணுக்கை எடுத்துச் சென்று அருகிலுள்ள நிணநீர்க் கணுவில் காட்டுகின்றன. பதற்றமில்லாத சூழலில் காட்டினால், “இது விருந்தாளி” என்று பாடம் பதிகிறது. அந்தப் பாடத்துக்கு உயிர்ச்சத்து ஏ தேவை. முருங்கைக்கீரை, கரட், பப்பாசி, முட்டை மஞ்சட்கரு இவற்றின் அருமை இங்கேயும் இருக்கிறது.

வாயால் உண்ட பொருளை உடல் சகித்துக்கொள்ளும் என்பது புதிய சேதியல்ல. 1911இலேயே வெல்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர், முட்டையின் புரதத்தை முன்கூட்டி உணவாகக் கொடுத்த கினிப் பன்றிகளுக்குப் பின்னர் அதே புரதத்தை ஊசியால் ஏற்றினாலும் அதிர்ச்சி வருவதில்லை என்று காட்டினார். ஏறக்குறைய நூறு வருடங்களாக இதை நாம் பிள்ளைகளின் உணவோடு பொருத்திப் பார்க்கவில்லை.

2015இல் இலண்டனிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. கடும் சிரங்கோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை 4 முதல் 11 மாத வயதில் சேர்த்தார்கள். ஒரு பாதிக்குக் கச்சான் கலந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள். மறு பாதிக்கு 5 வயது வரை கச்சானே இல்லை. முடிவில், தவிர்த்த பிள்ளைகளில் 100க்கு 17 பேருக்குக் கச்சான் ஒவ்வாமை. உண்ட பிள்ளைகளில் 100க்கு 3 பேருக்கே. 2017இல் ஜப்பானில், சிரங்குள்ள குழந்தைகளுக்கு 6 மாதத்திலிருந்து நன்றாக வெந்த முட்டையை மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் முட்டை ஒவ்வாமை பல மடங்கு குறைந்தது. ஒளித்து வைத்துப் பாதுகாத்தோம் என்று நாம் நினைத்திருந்தோம். உண்மையில் பாடம் படிக்கும் காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்தோம்.

முதல் ஆசிரியை உம்மாவே

இந்தப் பள்ளியின் முதல் ஆசிரியை யார் தெரியுமா? நீங்கள்தான். பிள்ளை பிறந்ததும் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் குடலைக் காக்கும் எதிர்ப்புப் புரதம் செறிந்திருக்கிறது. பிள்ளையின் குடல் தன் சொந்தப் புரதத்தைச் சுரக்கப் பழகும் வரை உம்மாவின் புரதமே காவல்.

தாய்ப்பாலில் இன்னோர் அற்புதமும் உண்டு. அதிலுள்ள சிலவகைச் சர்க்கரைகளைப் பிள்ளையால் சமிபாடு செய்யவே முடியாது. அப்படியானால் அவை யாருக்காக? பிள்ளையின் குடலில் குடியேறும் நல்ல பற்றீரியாக்களுக்காக! உம்மா ஒரு பிள்ளைக்குப் பாலூட்டுகிறாள் என்று நினைக்கிறோம். அவள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான விருந்தாளிகளுக்கும் சேர்த்துத்தான் ஊட்டுகிறாள். அந்த விருந்தாளிகள் குடலின் காவலர்களை அமைதியாக வைத்திருக்க உதவுகின்றன.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிக் கூறுவதை நாம் அறிவோம். நம் நாட்டுத் தாய்மாரும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். 2016ஆம் ஆண்டின் தேசியக் கணிப்பின்படி இலங்கையில் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

நல்ல பற்றீரியாக்களின் வலிமையை இந்தியாவின் ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வும் காட்டியது. வைத்தியர் பினாகி பாணிக்ராஹியின் குழுவினர் 149 கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளைச் சேர்த்தார்கள். எல்லாம் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள். ஒரு சாராருக்கு ஒரு நல்ல பற்றீரியாவையும் அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையையும் 7 நாட்கள் கொடுத்தார்கள். வெற்றுப்பொருள் பெற்ற குழந்தைகளில் 100க்கு 9 பேருக்கு இரண்டு மாதத்துக்குள் இரத்தத்தில் கிருமி நோயோ மரணமோ நேர்ந்தது. பற்றீரியா பெற்றவர்களில் அது 100க்கு 5.4. இது 2017இல் வெளியான செய்தி. இதை வாசித்துவிட்டு ஃபார்மசிக்கு ஓட வேண்டாம். குறிப்பிட்ட ஓர் இனத்தை, வைத்தியர்கள் கண்காணித்துக் கொடுத்த ஆய்வு அது. கடையில் விற்கும் பக்கற்றுக்கும் அதே பலன் உண்டு என்று சொல்ல முடியாது. குறைமாதக் குழந்தைக்கு அவை ஆபத்தாகவும் முடியலாம்.

காவலரைப் பதறவைப்பவை

முதலாவது, அசுத்தம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்தியர்கள் பேக்கரும் மாதனும் சுற்றுவட்டாரக் கிராமத்தவரின் குடலை 1960களிலிருந்து ஆராய்ந்தார்கள். நோயே இல்லை என்று நினைத்தவர்களின் சிறுகுடலிலும் நுண்விரல்கள் குட்டையாகி, எதிர்ப்புக் கலங்கள் திரண்டிருந்தன. அசுத்த நீரோடும் உணவோடும் ஓயாமல் கிருமி வந்துகொண்டிருந்தால், காவலர் ஒரு நாளும் கம்பைக் கீழே வைப்பதில்லை. நுண்விரல் தேய்ந்தால் உண்ட உணவின் சத்து உடலில் சுவறாது. கிளினிக் அட்டையில் ஏறாத நிறைக்கோட்டுக்குப் பின்னால் பல வீடுகளில் இதுவும் ஒரு காரணம். “அழுக்கில் விளையாடினால்தான் எதிர்ப்புச் சக்தி வரும்” என்று சிலர் சொல்வார்கள். முற்றத்து மண் வேறு, மலம் கலந்த கிணற்றுநீர் வேறு. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் கொடுங்கள். மலசலகூடம் போய்வந்த கைக்கும் பிள்ளைக்கு ஊட்டும் கைக்கும் இடையில் சவர்க்காரம் இருக்கட்டும்.

இரண்டாவது, தேவையற்ற நுண்ணுயிர்கொல்லி. பிள்ளைகளுக்கு வரும் வயிற்றோட்டங்களில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அந்தப் பாணி வைரஸைத் தொடாது. ஆனால் குடலின் நல்ல விருந்தாளிகளையும் சேர்த்து அழிக்கும். வயிற்றோட்டத்துக்குத் தேவை ஜீவனி, தாய்ப்பால், வைத்தியர் சொன்னபடி சிங்க் மருந்து, வழக்கமான உணவு. மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், சிறுநீர் குறைதல், எதையும் குடிக்க முடியாத வாந்தி, அசாதாரணச் சோர்வு இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே வைத்தியர் நுண்ணுயிர்கொல்லி தந்தால் முழுமையாகக் கொடுங்கள். நான் குறை சொல்வது போத்தலில் மிஞ்சியதை நாமாக எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தைத்தான்.

மூன்றாவது, நாரில்லாத உணவு. நாம் சமிபாடு செய்யாத நார்ப்பொருளைப் பெருங்குடல் பற்றீரியாக்கள் புளிக்கவைத்து ஒருவகை அமிலத்தைத் தருகின்றன. அது அமைதிக் கலங்கள் பெருகத் துணைசெய்கிறது என்று 2013இல் எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. உங்கள் பக்கத்துச் சேனையில் விளையும் குரக்கனும் பயறும் கௌபியும், வேலியில் நிற்கும் கீரையும் டொனிக் போத்தலைவிட மேலானவை. பிஸ்கட்டையும் இனிப்புப் பானத்தையும் காசு கொடுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, நார் இருக்கும் உணவை ஏழையின் சாப்பாடு என்று தள்ளிவைக்கிறோம்.

பல்லேகம சகோதரிக்கு

இன்ஷா அல்லாஹ், பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நெஞ்சோடு அணைத்துப் பாலூட்டத் தொடங்குங்கள். 6 மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். மாமி அன்பின் மிகுதியால் தேனும் சீனித் தண்ணீரும் வசம்பும் கொண்டுவரலாம். அவரோடு சண்டை வேண்டாம். “மாமி, ஒரு வயது வரை தேன் கூடாதாம், அதில் குழந்தையை முடமாக்கும் கிருமி இருக்கக்கூடுமாம்” என்று பணிவாகச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட. மிட்வைஃப் வரும் நாளில் மாமியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது.

6 மாதம் முடிந்ததும் பாலை நிறுத்தாமல் உணவைத் தொடங்குங்கள். கஞ்சி, பருப்பு, கீரை, மீன், நன்றாக அவித்த முட்டை, அரைத்துக் கஞ்சியில் கரைத்த கச்சான் என்று ஒவ்வொன்றாக, சிறிய அளவில் பழக்குங்கள். முழுக் கச்சான் தொண்டையில் அடைக்கும், 5 வயது வரை வேண்டாம். பழகிய உணவை விட்டுவிடாமல் வாரத்தில் சில தடவை கொடுத்துவாருங்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஏற்கனவே ஒவ்வாமை இருப்பதால், புதிய பிள்ளைக்குக் கடும் சிரங்கு கண்டால் முட்டையையும் கச்சானையும் தொடங்குமுன் வைத்தியரைக் கேளுங்கள்.

மூத்த மகளுக்கு வீட்டில் முட்டை கொடுத்துச் சோதிக்க வேண்டாம். மாத்தளை ஆஸ்பத்திரியில் குழந்தை நல வைத்தியரிடம் காட்டுங்கள். முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர விலகிவிடுகிறது. மீனையும் கச்சானையும் என்ன செய்வது என்பதையும் அவரே சொல்லட்டும். நிறை ஏறாததற்கும் வேறு காரணம் உண்டா என்று பார்ப்பார். டொனிக்குக்குச் செலவிடும் காசைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் செய்த தவறு என்ன என்ற கேள்வி. மகளின் ஒவ்வாமைக்கு இதுதான் காரணம் என்று எந்த வைத்தியராலும் ஒன்றைச் சுட்டிச் சொல்ல முடியாது. பரம்பரை, சிரங்கு, கிருமி, உணவு எல்லாம் சேர்ந்த விடயம் அது. பிந்திக் கொடு என்று உங்களுக்குச் சொன்னவர்கள் எங்களைப் போன்றவர்களிடமிருந்து கேட்டுத்தான் சொன்னார்கள். குற்றவுணர்வை இறக்கி வையுங்கள். அதில் என் பங்கை நான் சுமந்துகொள்கிறேன்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட மருந்து கேட்டீர்கள். அப்படியொரு மருந்து எனக்குத் தெரியாது. அடிப்பது எப்படி என்பது அந்தப் படைக்குப் பிறவியிலேயே தெரியும். எப்போது அடிக்காமல் இருப்பது என்பதைத்தான் அது படிக்க வேண்டும். உங்கள் மடியும், பாலும், சுத்தமான கையும், பலவகை உணவும் சேர்ந்து அந்த ஸப்ரைக் கற்பிக்கின்றன. கற்பிக்க இரண்டு வருடங்கள் தரப்பட்டிருக்கின்றன. அவசரப்படாமல் தொடங்குங்கள்.

சுகப் பிரசவத்துக்காகத் துஆச் செய்கிறேன். பிள்ளை பிறந்ததும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். வஸ்ஸலாம்.